தண்ணீர் பிடித்த இருக்கை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். மற்ற நாட்களில் என் கணவர் கண்ணாடிக் கடைக்குப் போய்விடுவார், நான் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவேன், மகள் பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டுவிடுவாள். அதனால் ஞாயிறு என்றால் என் மாமியார் உள் அலமாரியிலிருந்து நல்ல தட்டுகளை எடுத்து வைப்பார். நான் அவற்றை மறுபடி ஒரு தடவை கழுவுவேன். அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் இதைவிடப் பெரிய சண்டை எங்கள் வீட்டில் நடந்ததில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

நான் பொய் சொல்கிறவள் இல்லை. என் கணவர் கேட்டபோதும் மறைக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அவர் எழுந்து போய் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதில் எனக்கு வருத்தமும் இல்லை, அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். ஜியோலைட் என்று ஒரு படிகம் இருக்கிறது. பார்வைக்கு வெறும் வெள்ளைப் பொடி. ஆனால் அதன் உடம்பெல்லாம் ஓட்டை, எல்லா ஓட்டையும் ஒரே அளவு. கண்ணால் பார்க்க முடியாத அளவு. அந்தப் படிகங்களை ஒரு பீங்கான் குழாயின் மேல் இடைவெளியே இல்லாமல் ஒட்டி வளரச் செய்தால், அது வாயுக்களுக்கு ஒரு சல்லடை ஆகிவிடும். சின்னது உள்ளே போகும், பெரியது வெளியே நிற்கும். நாங்கள் செய்யும் குழாய்கள் நகரத்துக் குப்பை மேட்டுக்குப் போகின்றன. அங்கே அழுகலிலிருந்து கிளம்பும் வாயுவில் பாதி எரியும், பாதி எரியாது. எங்கள் குழாய் எரியாததைப் பிரித்து வெளியே தள்ளும். அத்தனை நாற்றத்திலிருந்து, அத்தனை புழுவிலிருந்து, கடைசியில் ஒரு நீலச் சுடர் வரும். அதை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

குழாய் செய்வது பொறுமையான வேலை. முதலில் பீங்கானின் மேல் விதைப் பொடியை, அதே படிகத்தின் தூளை, விரலால் தேய்க்க வேண்டும், குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல. பிறகு அதை எஃகு உருளைக்குள் நிறுத்தி, படிகம் வளர்வதற்கான கூழ் ஊற்றி, மூடி முறுக்கி, அடுப்பில் வைக்க வேண்டும். அந்தக் கூழ் வெள்ளையாக, கொழகொழவென்று இருக்கும். என்னோடு வேலை பார்க்கும் பையனை நாங்கள் குண்டு என்று கூப்பிடுவோம். அவன் அதைக் கிண்டும்போதெல்லாம், "அக்கா, ஊரெல்லாம் சளியைத் துப்புது, நாம அதைக் காய்ச்சி வைரம் பண்றோம்" என்பான். நானும் சிரிப்பேன். அந்தக் கூழில் மணிக்கட்டு வரை கையை விட்டு வேலை பார்த்திருக்கிறேன், ஒருநாளும் அருவருத்ததில்லை. அருவருப்பு என் சுபாவம் என்று என் கணவர் உங்களிடம் சொன்னாராம். அது சரியில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுப்பிலிருந்து எடுத்த குழாயைக் கழுவி, காயவைத்து, சூளையில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் மயிரிழை வெடிப்பு விழும். கடைசியில் சோதனை. குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் வாயுவைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். எங்கேயாவது குமிழி வந்தால் அங்கே ஓட்டை. ஒரே ஓர் ஓட்டை போதும், மற்ற இடமெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் குழாய் குப்பைதான். சில இடங்களில் ஓட்டையின் மேல் பிசினைத் தடவி அடைத்து அனுப்பிவிடுவார்கள். குண்டுகூட ஒரு தடவை அப்படிச் செய்யப் பார்த்தான். ஓட்டையை அடைப்பது ஏமாற்று, ஒதுக்குவதுதான் நேர்மை என்று அவனிடம் சொன்னேன். அன்று முழுக்க அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜியோலைட்டுக்குத் தண்ணீரின் மேல் அடங்காத ஆசை. ஈரக்காற்றில் சும்மா வைத்தாலே குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். குடித்தபின் வேறு எதையும் பிரிக்காது, பெயருக்குச் சல்லடையாக இருக்கும். சூளையில் வறுத்தால்தான் அந்தத் தண்ணீர் போகும். எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் இதுதான்.

இனி என் மாமனார்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணத்துக்கு முதலில் தலையாட்டியவரே அவர்தான். நான் கண்ணாடிக் கடைக்கு ஃபிரேம் மாற்றப் போனேன், கடைக்காரர் என் முகத்துக்கு அளவு எடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார், கதை அப்படிப் போயிற்று. இரு வீட்டிலும் முணுமுணுப்பு இருந்தது. மாமனார்தான், "ரெண்டும் ஒரே ரூட்ல போகுதுங்க, நாம என்னத்துக்கு விசில் ஊதி நிறுத்துறது?" என்று சொல்லி முடித்துவைத்தார். என் வேலையைத் தெரிந்துகொண்டபின் என்னைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார். "ஏம்மா சல்லடை, இன்னிக்கு எதைச் சலிச்சே?" நான் வேலையிலிருந்து வந்ததும் கேட்பார். அதைக் கேட்பதற்காகவே வாசல் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. நன்றி கெட்டவள் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். டிக்கெட் கிழிக்கும் காலத்திலிருந்து வந்தது. வலது கைப் பெருவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். செய்தித்தாள் புரட்ட, பை பிரிக்க, எதற்கும். சற்று முன்பு நீங்கள் தாளைத் திருப்பினீர்களே, அப்படித்தான். ஆனால் உங்களுக்கு விரல் லேசாகத்தான் பட்டது. அவர் நாக்கு முழுதாக வெளியே வரும். நடுவில் வெள்ளை படிந்த, ஓரத்தில் பல் பதிந்த நாக்கு. விரல் அதில் ஒரு தடவை புரண்டு எழும், நகத்தடியில் எச்சில் மின்னும். அந்த விரலாலேயே என் மகளின் கன்னத்தைத் தட்டுவார். உப்பு ஜாடியைத் திறப்பார். டி.வி. ரிமோட்டை அழுத்துவார். எங்கள் வீட்டில் அந்த விரல் போகாத இடம் எதுவுமில்லை. நான் துணியும் கையுமாகப் பின்னாலேயே போவேன். யாரும் கவனிக்காதபடிதான் துடைப்பேன். மரியாதைக் குறைவாக ஒரு சொல்கூட என் வாயிலிருந்து வந்ததில்லை.

பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. டிப்போ புகை, பீடி, எல்லாம் சேர்ந்து. டாக்டர் வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துக்கொள்ளச் சொன்னார். சிலிண்டர் இல்லை, மிஷின். அறைக் காற்றை உறிஞ்சி, நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, மீதியை மூக்குக்கு அனுப்பும். அதன் வயிற்றில் இரண்டு உருளைகள். உருளை நிறைய ஜவ்வரிசி மாதிரி மணிகள். ஆமாம், அதுவும் ஜியோலைட்தான். எங்கள் குழாயில் தோலாக இருப்பது அதில் மணியாக இருக்கிறது.

அந்த மிஷின் வந்த அன்று அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கம் கேட்டார். நான் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுத் தன் பாஷையில் திருப்பிச் சொன்னார்.

"அதாவது, ஏறுற கூட்டத்துல நைட்ரஜன் பூரா சீட் பிடிச்சு உக்காந்துக்கும். ஆக்ஸிஜனுக்கு இடம் கிடைக்காது, நின்னுக்கிட்டே வந்து முன்வாசல் வழியா இறங்கிடும். இறங்குறதை நான் மூக்குல வாங்கிக்கிறேன். சரியா?"

"சரிதான் மாமா."

"தண்ணி ஏறினா?"

"தண்ணி ஏறினா இறங்காது மாமா. சீட்டை விடாது. சூளையில போட்டு வறுத்தாத்தான் எந்திரிக்கும்."

"ஓசிப் பயணி" என்றார். "டிக்கெட்டும் எடுக்க மாட்டான், டிப்போ வந்தாலும் இறங்க மாட்டான்." அவர் சிரிக்க, சிரிப்பு இருமலாக, இருமல் சளியாக வந்தது. பக்கத்தில் வைத்திருந்த கிண்ணத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் கிண்ணத்தைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. எவர்சில்வர் கிண்ணம், மூடி போட்டது. மூடி சரியாக உட்காராது. அதில் விழும் சத்தம் மூன்று அறை தாண்டியும் எனக்குக் கேட்கும். முதலில் தொண்டையில் ஒரு கரகரப்பு, பிறகு எங்கோ அடியிலிருந்து ஒன்று பிடுங்கப்படும் ஓசை, பிறகு மெத்தென்று ஒரு சத்தம். மூக்கில் மாட்டும் குழாயின் இரு முனையிலும் மஞ்சள் பொருக்கு கட்டும். மூக்கு வறளாமல் இருக்க மிஷினில் தொங்கும் தண்ணீர் பாட்டிலின் அடியில் இரண்டு நாள் விட்டால் வழுவழுப்பு ஏறும், விரலால் தொட்டால் மீன் தோல் மாதிரி. அதையெல்லாம் நான்தான் கழுவினேன். மாமியாருக்கு முழங்கால் வலி, கணவருக்குக் கடை. கழுவிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொள்வேன். அப்படியும் சாப்பிட உட்கார்ந்தால் கையிலிருந்து அந்த வாடை எழும். தட்டில் இருப்பது எதுவானாலும் கிண்ணத்தில் இருந்ததாகவே தெரியும். நான் இளைத்துக்கொண்டே போனேன். ஆய்வுக்கூடத்தில் குண்டு, "அக்கா, நீங்களே சல்லடை ஓட்டையில பூந்து அந்தப் பக்கம் போயிடுவீங்க போல" என்றான்.

ஒரு வருஷம் ஓடியபின் மிஷின் பலம் குறைந்தது. மழைக்காலத்து ஈரம் மணிகளில் இறங்கியிருந்தது. மிஷின்காரர்களிடம் கொடுத்தால் பல நாள் ஆகும் என்றார்கள். நான் உருளைகளைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் சூளையில் மணிகளை வறுத்து, ஆறவைத்து, ஈரம் படாமல் மறுபடி அடைத்தேன். அதுவரை வாடகைச் சிலிண்டர் வைத்துச் சமாளித்தார்கள். மிஷினைப் போட்டதும் மாமனார் முகத்தில் ரத்தம் ஓடியது. வந்தவர் போனவரிடமெல்லாம், "என் மருமக என் மூச்சுக்கே சர்வீஸ் பண்ணிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்த மிஷின் முழுக்க என் பொறுப்பு. வேறு யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், நானாகக் கேட்டு வாங்கிய பொறுப்பு இல்லை.

இனி நடந்ததற்குக் காரணம் என் மகள். குழந்தையைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு மாலை அவள் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கம் முடிந்தது. நாக்கை நீட்டினாள், பெருவிரலைத் தொட்டாள், பக்கத்தைப் புரட்டினாள். அவளுக்கு ஏழு வயது. ரோஜா நிற நாக்கு. ஆனால் நான் பார்த்தது அந்த நாக்கை இல்லை.

"தாத்தா மாதிரி பண்ணினா பக்கம் ஒட்டாதும்மா" என்றாள்.

அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் வாயையும் விரலையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிட்டேன் போலிருக்கிறது, அழுதாள். மாமனார் நாற்காலியிலிருந்து எழ முயன்று முடியாமல், "குழந்தையை விடும்மா. என்கிட்ட இருந்து தொத்துன பழக்கம். நான் நிறுத்திக்கிறேன்" என்றார். மறுநாளே மகனிடம் சொல்லி ஓர் ஈரப் பஞ்சு டப்பா வாங்கி வரச் செய்தார், வங்கியில் நோட்டு எண்ணுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அது. செய்தித்தாளுக்கு முன்னால் பஞ்சில் விரலை ஒற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி. ஆனால் நாற்பது வருஷப் பழக்கம் ஒரு டப்பாவில் அடங்குமா. பஞ்சில் தொட்ட விரல் தன்னையறியாமல் நாக்குக்கும் போய்விட்டு வரும். கொஞ்ச நாளில் பஞ்சே கறுத்து, தொட்டால் நூல் இழுத்தது. இப்போது விரல், நாக்கு, கிண்ணம் எல்லாவற்றோடும் அந்தப் பஞ்சும் சேர்ந்துகொண்டது. அவர் முயற்சி செய்தார் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். முயற்சியால் ஓட்டை அடையாது. பிசின் தடவுவதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பஞ்சு நூல் இழுத்த அன்றைக்கு எனக்குள் ஒரு தெளிவு வந்தது. கோபமெல்லாம் இல்லை. ஒரு குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கழித்த பக்கம் வைக்கும்போது மனசில் ஒன்றும் இருக்காது, அதுபோல.

அடுத்த மழை தொடங்கியதும், "மணிகளை ஒரு தடவை காயவெச்சு எடுத்துட்டு வந்துடறேன் மாமா" என்றேன். வாடகைச் சிலிண்டர் வந்தது. "உனக்கு எத்தனை வேலைம்மா, இதுல நான் வேற" என்றார். உருளைகளைக் கொண்டுபோனேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சூளைக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு, அடியில் தண்ணீர்த் தட்டு வைத்தது. படிகம் எவ்வளவு ஈரம் குடிக்கிறது என்று பார்ப்பதற்காக. மணிகளைத் தட்டில் பரப்பி அந்தப் பெட்டிக்குள் வைத்தேன்.

குண்டு பார்த்துவிட்டான். "அக்கா, பெட்டி மாறிப்போச்சு" என்றான்.

"இருக்கட்டும், எடை பார்க்கணும்" என்றேன். அது பொய்யில்லை. மறுநாள் எடை பார்த்தேன். கால் பங்கு கூடியிருந்தது. மணிகள் வயிறு நிறையக் குடித்திருந்தன. பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். மிஷின் எப்போதும்போல் ஓடியது. பாட்டிலில் தண்ணீர் எப்போதும்போல் கொப்பளித்தது. அது பழைய மாதிரி மிஷின், காற்றின் வேகம் குறைந்தால்தான் கூவும். வருவது என்ன காற்று என்று அதற்குத் தெரியாது. அவர் மூக்கில் குழாயை நானே மாட்டிவிட்டேன். அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் அவருக்குக் கொடுத்தேன். நீங்களும் நானும் இப்போது சுவாசிக்கும் அதே காற்று. விஷம் எதுவும் வைக்கவில்லை. இதை நீங்கள் எழுத்தில் தெளிவாக வைத்துக்கொண்டால் நல்லது.

விரலில் மாட்டி அளவு பார்க்கும் கிளிப் ஒன்று வீட்டில் இருந்தது. அதன் பாட்டரியை எடுத்துவிட்டேன். பாட்டரி தீர்ந்துபோயிற்று என்று கணவர் நினைத்தார், கடைக்குப் போகும்போது வாங்கி வருவதாகச் சொன்னார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வாங்கவும் வாங்கினேன். என்னிடமிருந்து நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்களே, அந்தக் கைப்பையின் உள்ஜிப்பில் உறை பிரிக்காமல் இன்னும் இருக்கும்.

பிறகு வந்த வாரங்களில் அவர் பேச்சு குறைந்தது. முதலில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போனார். கட்டிலில் சாய்ந்து உட்கார முடியாமல் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்து இருந்தார். தோள்கள் ஏறி ஏறி இறங்கும். "வண்டி மேடு ஏறுது போல" என்றார் ஒருநாள், அதற்கே இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். உதடு மை தொட்டதுபோல் கறுத்தது, நகங்களும். கணவர் டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் மிஷினைப் பார்த்தார், பாட்டில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நுரையீரல் நைந்த துணி, இனித் தைக்க இடமில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்து கஷ்டப்படுவதைவிட வீட்டில் சொந்தங்களோடு இருக்கட்டும் என்றார். நான் தலையணை உறையை மாற்றினேன். எச்சில் ஒழுகி ஒழுகி அது தினமும் நனைந்துவிடும், இரண்டு விரலால் பிடித்துத்தான் எடுப்பேன்.

ஆனால் ஒன்று, அவர் விரலை நாக்கில் தொடுவது நின்றுவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை.

ஒரு காலையில் நான் தொட்டியில் குழாய்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கணவர் போன் செய்தார். அழுதுகொண்டே பேசினார். உடனே வருகிறேன் என்றேன். அன்று இறக்கிய குழாய்களில் ஒன்றில்கூடக் குமிழி வரவில்லை, அப்படி ஒரு நாள் எங்கள் வேலையில் அபூர்வம்.

எல்லாம் முடிந்தபின் அந்த அறையைச் சுத்தம் செய்தேன். கிண்ணம், பஞ்சு டப்பா, மூக்குக் குழாய், தலையணை எல்லாவற்றையும் எறிந்தேன். மிஷினை மட்டும் கணவர் எறிய விடவில்லை, அப்பா ஞாபகம் என்றார். அங்கேதான் நான் தவறினேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மணிகளை அப்படியே விட்டிருக்கலாம். யாரும் திறந்திருக்கப் போவதில்லை. ஆனால் ஈரம் கோத்த மணிகளை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு மிஷின் அடுத்த அறையில் இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு உடம்பில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. குடித்த சல்லடையைக் காயவைக்காமல் மூடிவைக்க எங்கள் தொழிலில் யாருக்கும் கை வராது. எடுத்துப்போய், சூளையில் வைத்து, இந்தத் தடவை இன்னும் பொறுமையாக வறுத்தேன். வாங்கும்போது இருந்ததைவிட நன்றாக ஆகிவிட்டது. திரும்ப மாட்டியபோதுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த சில மாதங்களில் மாமனாரின் தங்கைக்கு மூச்சுத் திணறல் வந்தது. தையல் அத்தை என்று கூப்பிடுவோம், வாழ்நாளெல்லாம் பஞ்சுத் தூசியில் தைத்தவர். கூடப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கணவர் அவரை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார், அப்பாவின் அறையைக் கொடுத்தார், அப்பாவின் மிஷினையும் போட்டுவிட்டார். என்னைக் கேட்டுக்கொண்டுதான் செய்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வந்த வேகத்தில் அத்தை தேறினார். கன்னம் சிவந்தது. மிஷினோடு கூடவே தையல் மிஷினையும் அறையில் போட்டுக்கொண்டார். ஊசியில் நூல் கோக்கும்போது நூல் முனையை வாயில் வைத்து எச்சிலில் ஈரப்படுத்தி, பல்லால் நெருடி, வெளியே இழுப்பார். அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறந்த வீட்டில் கிடைத்த சொத்து எச்சில்தான் போலிருக்கிறது. பொம்மைக்குச் சட்டை தைக்கிறேன் என்று என் மகள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவளும் நூலை வாயில் வைத்தாள். அன்றே அத்தையிடம், "மழை வந்ததும் மிஷின் மணியைக் காயவெச்சுத் தர்றேன் அத்தை, அது என் பொறுப்பு" என்று சொல்லி வைத்தேன்.

மழை வருவதற்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

நல்ல தட்டுகள். எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அத்தை நீளக் குழாயை இழுத்துக்கொண்டு மேஜைக்கே வந்துவிட்டார். கணவரிடம், "மாடிப் படி ஏறிப் பார்த்தேன்டா இன்னிக்கு. ஏறிட்டேன். என்னா மிஷின்டா இது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதே மிஷின்ல எங்கண்ணன் ஏன் அப்படி இழுத்துக்கிட்டுக் கிடந்தான்?" என்றார்.

வெறும் பேச்சாகத்தான் கேட்டார். யாரும் பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் என் மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ அதுல தண்ணி சீட் பிடிச்சிருந்துச்சு" என்றார். "அவரே சொன்னார். வெறும் காத்துதான் வருது, தண்ணி ஏறிடுச்சு போலன்னார். புள்ளைகிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். சொல்லாதேன்னுட்டார். நம்ம சல்லடை கையால காயவெச்சுக் கொண்டாந்தது, சரியில்லேன்னு சொன்னா மனசு ஒடிஞ்சு போவா, அவளே ஒரு நாள் கண்டுபிடிச்சு சரி பண்ணிடுவா, அதுவரைக்கும் ஓட்டிக்கறேன்னார். நானும் வாயை மூடிக்கிட்டேன்." அவர் என் பக்கம் திரும்பி, "இப்பவும் உன்னைக் குறை சொல்லலைம்மா. ஒரு தடவை தவறிப்போறதுதான்" என்றார்.

என் கணவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் என்னைச் சரியாகப் பார்க்க முடியாது.

"நீ சரியா காயவெக்கலையா?" என்றார்.

"காயவெக்கலை. ஈரப்பெட்டியில வெச்சேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்" என்றேன். மகளிடம், சாப்பிட்டு முடித்ததும் வாயைத் துடைத்துக்கொள் என்றும் சொன்னேன் என்று நினைவு.

அவ்வளவுதான். என் மாமனாரை நான்தான் கொன்றேன். மழை வந்திருந்தால் தையல் அத்தையையும் கொன்றிருப்பேன். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் நீங்கள் விரலால் தொட்டுத் திருப்பிய அந்தத் தாளில் வேண்டாம். புதிதாக ஒன்று கொடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அவர் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தார் என்று கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று. எனக்கு அவர் மேல்தான் கொஞ்சம் வருத்தம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றே மணிகளைச் சூளையில் போட்டிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். உதடு கறுத்ததைப் பார்த்தேன், தோள் ஏறி இறங்கியதைப் பார்த்தேன், ஆனால் அவராக வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. தொட்டியில் இறக்கினால் ஓட்டைக் குழாய் குமிழி விட வேண்டும், அதுதான் முறை. குமிழி வராத குழாயை நாங்கள் நல்ல குழாய் என்றுதான் எடுத்துக்கொள்வோம்.